என் வீட்டுக்காரர் வெடிக்கிற ரகம் இல்லை

தப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் சிவப்புப் பேனாவால் அதைப் போட்டுவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். ஓசூர் பேருந்து நிலையத்துப் பேனர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பேன். காலமெல்லாம் இயற்பியல் விடைத்தாள் திருத்தியதால் வந்த வியாதி இது, மருந்து கிடையாது. இந்த வியாதியால்தான், என் வீட்டுக்காரரின் பணி ஓய்வு விழாவில், மாலையும் கழுத்துமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நான், பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். வீட்டுக்காரர் கம்பெனியில் அதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

அவர் பற்சக்கரம் செய்கிற கம்பெனியில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருந்தார். சக்கரங்களை ஃபர்னஸுக்குள் தள்ளிச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமுக்கி, இறுக வைக்கிற வேலை. ஃபர்னஸை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்ற முடியாது. பச்சைக் குழந்தை மாதிரி யாராவது ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் நைசாக நழுவிய செகண்ட் ஷிஃப்ட் பொறுப்பை இவர் தலையில் கட்டினார்கள். மனிதர் அதைக் கழற்றவே இல்லை. மதியம் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி பதினொரு மணியாகிவிடும்.

நானோ சூளகிரிப் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் காலையில் பஸ் பிடிக்கிறவள். பத்து மணிக்கெல்லாம் கண் சொருகிவிடும். நான் கிளம்பும்போது அவர் போர்வைக்குள் இருப்பார், அவர் வரும்போது நான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இருவரும் சாய்ந்தால், ராத்திரி யாருக்கும் பசிக்காது. இப்படியே ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, பெங்களூரில் கட்டிக்கொடுத்தும் விட்டோம். எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. நகை கேட்கவில்லை, காசிக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் ஓய்வு பெறும் நாளை அதற்காகத்தான் எதிர்பார்த்தேன்.

அவருக்கு அந்த நாளை நினைத்தாலே பயம். கடைசி மாதங்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "வேலைக்குப் போவலன்னா நான் யாரு?" என்று கேட்டார். "பூண்டு உரிக்கிறவரு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பூண்டை எடுத்தார்.

விழா கம்பெனி கேன்டீனில், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில். அப்போதுதான் போகிறவர்களும் வருகிறவர்களும் சேர்ந்து கைதட்ட முடியும். ஓய்வு பெறுகிறவரின் மனைவியை அன்றைக்கு உள்ளே அழைத்துப் போய் அவர் வேலை பார்த்த இடத்தைக் காட்டுவது அங்கே வழக்கம். எனக்கும் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, மல்லிகைப்பூ நசுங்க, கூட்டிப் போனார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் கதவில் காய்ந்திருக்க, நின்ற இடத்திலேயே அனல் வீசிக்கொண்டிருந்தது அந்த ஃபர்னஸ். இத்தனை காலம் என் புருஷனை வைத்துக்கொண்டிருந்த சக்களத்தியை அன்றுதான் நேரில் பார்த்தேன். நல்ல ஆகிருதி.

மேனேஜர் வருவதற்கு நேரமாகியது. எங்கள் பள்ளியில் யாராவது தாமதமாக வந்தால் சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடந்தது என்பார்கள். பெங்களூரிலிருந்து காரில் வருகிற மேனேஜர்களுக்கு அத்திப்பள்ளி டிராஃபிக்தான் யானை. அதற்குள் ஒவ்வொரு பிரிவாக மேடைக்கு வந்து இவருக்குச் சால்வை போர்த்தினார்கள். மெஷின் ஷாப், அசெம்பிளி, ஸ்டோர்ஸ், கேன்டீன், செக்யூரிட்டி என்று ஒருவரையும் விடவில்லை. போட்ட சால்வையைக் கழற்றி வைப்பது மரியாதை இல்லையாம். ஒல்லியான மனிதர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஊதிப் பெருத்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் நான் பட்டுப்புடவையில் பொம்மை போல இருந்தேன். மனைவிக்கு மேடையில் வேறு வேலை கிடையாது.

மேனேஜர் வந்தார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர், நல்ல மனிதர்தான். இவரை வானளாவப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "யாரும் அழாதீங்க. இவர் எங்கயும் ஹோகல. மண்டேல இருந்து கன்சல்டன்ட்டா நம்ம ஜொதெலே, நம்ம கூடவே இருக்கார். ரெண்டு வருஷம், அதே செகண்ட் ஷிஃப்ட்!"

கேன்டீன் அதிரக் கைதட்டல். நான் மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார், உதடு அசையாமல்.

"எப்போ? ரெண்டு வருஷம் கழிச்சா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்த முகத்தோடுதான் கேட்டேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இன்னும் இரண்டு வருஷம் தனிச்சோறு என்பதை இத்தனை பேர் கைதட்டி வாழ்த்துகிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து இவருடைய பஸ் சிநேகிதர் மைக்குக்கு வந்தார். பேரிகை என்ற ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னை வாய் நிறைய "வதினா" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். கம்பெனி பஸ்ஸில் இவருக்குப் பக்கத்து சீட். ஃபோனில் விண்வெளி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார். ஓய்வு பெறுகிற எல்லோரையும் சிங்கம், ஆலமரம் என்று புகழ்ந்து சலித்துவிட்டதாம், புதிதாக ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"நம்ம அண்ணா ஒரு ஸ்டாரு. நிஜ ஸ்டாரு, வானத்துல இருக்கறது. ஸ்டாருக்கு வயசானா இன்னா ஆவும்? டமால்னு வெடிக்கும்! சூப்பர்நோவா! வெடிச்ச பொகை அழகா வளையம் வளையமா நிக்கும். அதுக்குப் பேரு பிளானட்டரி நெபுலா. ஏன்னா அதுலதான் பிளானட்டெல்லாம் பொறக்குது. இன்னிக்கு நம்ம அண்ணா வெடிக்கிறாரு! ஜோரா கைதட்டுங்கப்பா!"

தட்டினார்கள். எனக்குக் கை அரித்தது. ஒரே மூச்சில் இத்தனை தப்பை என் மோசமான மாணவன்கூடச் செய்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு இருந்த சூட்டில் முடியவில்லை. எழுந்து போய், "குடுங்க அதை" என்று மைக்கை வாங்கிவிட்டேன். பிடுங்கினேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

"வெடிக்காது" என்றேன். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. "எல்லா நட்சத்திரமும் வெடிக்காதுங்க. வெடிக்கணும்னா நம்ம சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல எடை வேணும். எங்க வீட்டுக்காரரைப் பாருங்க. இவரு வெடிக்கிற ரகமா?"

கேன்டீன் சிரித்தது. பேரிகைக்காரரும் சிரித்தார், பாவம், கோபமே வராத மனுஷன். "அப்போ இன்னாதான் ஆவும் வதினா?" என்று மேடைக்குக் கீழிருந்து கேட்டார்.

வகுப்பில் ஒரு பையன் கேள்வி கேட்டுவிட்டால் எனக்கு நேரம் காலம் தெரியாது. ஆரம்பித்துவிட்டேன். "உங்க ஃபர்னஸ் கேஸ்ல எரியுது. நட்சத்திரம் வேற மாதிரி. நடுவுல இருக்கிற ஹைட்ரஜன் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஹீலியமா மாறுது, அதுல வர்ற சூடுதான் வெளிச்சம். கோடிக்கணக்கான வருஷம் இதே வேலை, லீவு கிடையாது. ஒருநாள் நடுவுல இருக்கிற ஹைட்ரஜன் தீருது. உடனே அணைஞ்சுடாது. நடுப்பகுதி சுருங்கும், சுத்தி இருக்கிற பகுதி எரிய ஆரம்பிக்கும், வெளிப்பக்கம் ஊதிக்கிட்டே போகும். சிவப்பு ராட்சசன்னு பேரு. இப்போ இவரு உக்காந்திருக்காரே, இதே கோலம்தான்."

விசில் பறந்தது. இவர் சால்வைக் குவியலுக்குள்ளிருந்து விழித்தார். கரும்பலகை இல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது. வேறு வழியில்லாமல் அவரையே எழுப்பி நிறுத்தினேன்.

"ஹீலியமும் கொஞ்ச நாள் எரியும், கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். அதுக்கு மேல இவ்வளவு எடையில எதையும் எரிக்க முடியாது. கடைசிக் காலத்துல நட்சத்திரம் ஒரே சீரா இருக்காது, விட்டு விட்டுத் துடிக்கும். துடிக்கத் துடிக்க மேல போர்த்தியிருக்கிறது ஒவ்வொண்ணா கழண்டு போகும்." மேலே கிடந்த செக்யூரிட்டி சால்வையை உருவிப் பேரிகைக்காரர் கையில் கொடுத்தேன். "டமால்னு இல்ல. மெதுவா." கேன்டீன் சால்வையை உருவினேன். "முதல்ல மெதுவா போனதைப் பின்னால வேகமா வர்ற காத்து போய்த் தள்ளும், எல்லாம் சேர்ந்து ஓடு மாதிரி ஆகும்." ஒவ்வொன்றாக எடுத்து மேடை ஓரத்தில் அவரைச் சுற்றிப் போட்டேன். கடைசியில் நடுவில் நின்றது, நான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், வேர்வையில் நனைந்த என் ஒல்லி மனிதர்.

"இதுதான் நட்சத்திரத்தோட நடுப்பகுதி. வெள்ளைக் குள்ளன். எவ்வளவு பெரிய நட்சத்திரம், கடைசியில நம்ம பூமி அளவுதான் மிச்சம். ஆனா சூடு பயங்கரம். அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி கிளம்பிப் போய், கழண்டு போன வாயு மேல படும். அப்போ அந்த வாயு தானே ஒளிவிடும், ஆக்சிஜன் பச்சையா, ஹைட்ரஜன் சிவப்பா. அதுக்குத்தான் பிளானட்டரி நெபுலான்னு பேரு. பிளானட்டுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அந்தக் காலத்துச் சின்ன டெலஸ்கோப்புல பார்த்தவங்களுக்குக் கிரகம் மாதிரி உருண்டையா தெரிஞ்சுது, பேரு வெச்சுட்டாங்க, நிலைச்சுப் போச்சு."

அசெம்பிளிப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். அவள் ஃபோனில் அதற்குள் படம் தேடி எடுத்திருந்தாள். "மேடம், இதுல ஒண்ணு வளையமா இருக்கு, ஒண்ணு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கு. ஏன் மேடம் ஒரே மாதிரி இல்ல?"

நல்ல கேள்வி. யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். "பல நட்சத்திரத்துக்குப் பக்கத்துல துணைக்கு இன்னொரு நட்சத்திரம் சுத்திக்கிட்டு இருக்கும். அதோட இழுப்புலதான் வாயு இப்படி அழகழகா வடிவம் எடுக்குதுன்னு நினைக்கிறாங்க. தனியா இருந்தா வெறும் உருண்டைதான்."

சொன்ன பிறகுதான் மேடையில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. கூட்டத்துக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. தட்டுகளைத் தட்டி ஊளையிட்டார்கள். எனக்குக் காது வரை சூடேறியது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், வந்தது. மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு மட்டும் நினைப்புல வெச்சுக்கோங்க சார். இதுக்கப்புறம் அது எரியாது. எரிய வேண்டிய அவசியமும் இல்ல. திங்கட்கிழமை காலையில யாரும் ஒரு சிலிண்டர் ஹைட்ரஜனைத் தூக்கிக்கிட்டுப் போய், இன்னும் ரெண்டு வருஷம் எரிஞ்சு குடுன்னு நட்சத்திரத்துக்கிட்ட கேக்கறதில்ல."

சிரிப்பு சட்டென்று நின்றது. மிக்சர் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மேனேஜர் டீக் கப்பைக் கீழே வைப்பதா குடிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பேரிகைக்காரரிடம் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்தேன். அவர் விழாவை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கடைசியாக ஏற்புரை. அவர் எழுந்தார். வீட்டிலேயே அளந்து பேசுகிறவர், மைக்கில் கேட்க வேண்டுமா. எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஃபர்னஸுக்கும் நன்றி சொன்னார். நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று கைதட்டப் போனவர்களைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு டவுட்டு."

கேன்டீன் மறுபடி உயிர்பெற்றது. என் வீட்டுக்காரர் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் கழண்டு போச்சுன்னு வெச்சுக்குவோம். எரியறதுக்கும் ஒண்ணும் இல்ல. அப்போ நடுவுல இருக்கறது? அது சும்மாதான் கெடக்குமா?"

சிரித்துக்கொண்டே கேட்டதாகத்தான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். எனக்கு மட்டும் பூண்டு உரித்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மைக் இல்லாமலே, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "சும்மா இல்லீங்க. அது சூடா இருக்கிறதாலதான் சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது. அது அங்க இல்லன்னா, அவ்வளவு அழகும் இருட்டுதான்."

அந்த ஒளி ரொம்பக் காலம் நிற்காது என்பதை நான் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் ஆயுளில் அது கண் இமைக்கிற நேரம். பத்து, இருபதாயிரம் வருஷங்களில் வாயு கலைந்து, வேறெங்கோ வேறு நட்சத்திரத்துக்குச் சேர்ந்துவிடும். நடுவில் இருப்பது மெல்ல மெல்ல ஆறும். பாடத்தில் உள்ளதுதான். ஆனால் அன்றைக்கு அதை நடத்த எனக்கு மனசு வரவில்லை.

அவர் சுற்றிலும் கிடந்த சால்வைகளைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "சார், திங்கக்கிழமை வேற ஆளப் பாத்துக்கங்க. ஃபர்னஸ்ல ஏதாச்சும் தகராறுன்னா ஃபோன் பண்ணுங்க, சொல்றேன். பகல்ல பண்ணுங்க" என்றார். மேனேஜர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கன்னடத்தில் என்னவோ சொன்னார், நல்லபடியாகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதில் மரியாதையைவிட பயம்தான் அதிகம்.

கம்பெனி வேனில் மாலை கட்டி, முன்னால் பறையடித்து, பின்னால் பைக்குகள் ஹாரன் அடிக்க எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தெருமுனையில் சரவெடி. "பாத்தீங்களா வதினா, வெடிச்சாச்சு!" என்று பேரிகைக்காரர் கத்தினார். ஒரு மனிதருக்கு எத்தனை தடவைதான் திருத்துவது, விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஏழு மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சால்வைகளைச் சோபாவில் குவித்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன்.

எட்டு மணிக்குச் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல், அப்பளம். விருந்து ஒன்றும் இல்லை, இருவருமே களைத்திருந்தோம். சாப்பாட்டு மேசைக்கு வந்தவர் நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று பார்த்தேன். ஒரு நாற்காலியைத் தவிர மற்றதிலெல்லாம் சாமான் இருந்தது. ஒன்றில் மடிக்காத துணி. ஒன்றில் விடைத்தாள் கட்டு. சுவரோரத்து நாற்காலியில் மிக்ஸி அட்டைப்பெட்டி, அது வாங்கின நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டதே இல்லை.

அவர் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பரிமாறினேன். பிசைந்தார். சாப்பிடவில்லை.

"தினமும் இந்த நேரத்துக்கு நீ தனியாவா உக்காந்து சாப்ட்டுட்டு இருந்த?"

சட்டென்று பதில் கொடுப்பதில் நான் பேர்போனவள். அன்றைக்கு "ஆமா" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் நனையாத கண், ஒரு தட்டு ரசச் சோற்றின் முன்னால் நிரம்பிக் கொட்டியது. முந்தானையை எடுக்கவும் தோன்றாமல், கண்ணீர் தட்டிலேயே சொட்டச் சொட்ட அழுதேன்.

அவர் எழுந்து வரவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. என் தட்டை மட்டும் மெல்லத் தன் பக்கம் இழுத்து நகர்த்தினார்.

"ரசத்துல உப்பு ஏற்கெனவே சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்றார்.